வாரத்துக்கு 100 கி.மீ. கூட போகாத சொகுசுப் படகு... ஐரோப்பா ஸ்டைல் கால்வாய் சுற்றுலா மரக்காணத்துக்கு வருமா?

பிரான்ஸ் கால்வாய்களில் நடந்து போற வேகத்தில் நகரும் சொகுசுப் படகுகளின் வீடியோக்கள் சமூக வலைதளங்களில் அடிக்கடி வலம் வருகின்றன. 'நம்ம ஊர்ல இப்படி ஒண்ணு இல்லையே' என்ற ஏக்கமும் கூடவே வருகிறது. ஆனால் கால்வாய் இருக்கிறது. வளவனூரிலிருந்து புதுச்சேரி போய் ஈசிஆர் சாலையைப் பிடித்தால், மரக்காணத்தில் அதன் தெற்கு முனையைப் பார்த்துவிடலாம். பக்கிங்காம் கால்வாய்! அதில் படகு ஏன் ஓடவில்லை என்பதுதான் விஷயம்.

பார்ஜ் சுற்றுலா என்றால் என்ன?

பார்ஜ் என்பது அடிப்பகுதி தட்டையான சரக்குப் படகு. ஐரோப்பாவில் நிலக்கரி, தானியம், ஒயின் ஏற்றிய படகுகள் ரயிலும் லாரியும் வந்த பிறகு வேலை இழந்தன. அவற்றில் பலவற்றை மிதக்கும் ஓட்டல்களாக மாற்றிவிட்டார்கள். ஒரு படகில் பெரும்பாலும் 6 முதல் 12 பேர்தான் பயணிகள். கேப்டன், சமையல்காரர், வழிகாட்டி என்று பணியாளர்கள் தனி. ஒரு வாரத்துக்கு ஒருவருக்கே பல லட்சம் ரூபாய் ஆகும்.

பிரபலமானது தெற்கு பிரான்ஸில் இருக்கும் கனால் டு மிடி. 240 கி.மீ. நீளம், 1681-ல் திறக்கப்பட்டது, 1996-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மணிக்கு 8 கி.மீ.தான் வேக வரம்பு. வழியில் 60-க்கும் மேற்பட்ட 'லாக்'குகள். படகு ஒரு தொட்டிக்குள் நுழைந்ததும் கதவை மூடி, தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ அடுத்த மட்டத்துக்கு அனுப்புவார்கள். அந்த நேரத்தில் பயணிகள் இறங்கி சைக்கிள் எடுத்துக்கொண்டு பக்கத்து ஊர் சந்தைக்குப் போய் வந்துவிடலாம். தாமதம்தான் அங்கே விற்பனைப் பொருளே!

பக்கிங்காம் கால்வாயின் கதை

இதுவும் சரக்குக் கால்வாய்தான். 1806-ல் சென்னை–எண்ணூர் இடையே தொடங்கி, பிறகு இரண்டு பக்கமும் நீண்டது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில், பசியில் வாடிய மக்களுக்கு வேலை கொடுக்கும் நிவாரணப் பணியாக கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி தோண்டப்பட்டது. பெயர் மட்டும் அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவுக்குப் போனது. மண் சுமந்தவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் தேடிக் கிடைக்கப் போவதில்லை.

ஆந்திராவின் பெத்தகஞ்சம் முதல் மரக்காணம் வரை சுமார் 420 கி.மீ. இதில் தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 163 கி.மீ. உப்பு, விறகு, நெல் எல்லாம் இதில்தான் சென்னைக்குப் போனது. காற்று இருந்தால் பாய், இல்லாவிட்டால் துடுப்புக் கழி, அதுவும் முடியாவிட்டால் ஆட்கள் கரையில் நடந்தே கயிறு கட்டி இழுப்பார்கள். பாரதிதாசனின் 'மாவலிபுரச் செலவு' இந்தக் கால்வாய்ப் படகுப் பயணத்தைப் பாடிய கவிதை.

அப்புறம் என்ன ஆச்சு? ரயிலும் லாரியும் சரக்கைப் பிடுங்கிக்கொண்டன. 1965, 1966 புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. சென்னைக்குள் கழிவுநீர் கலந்தது, பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே இறங்கின. மரக்காணம் உப்பு இப்போது லாரியில் போகிறது.

அறிவிப்பு வந்ததே?

வந்தது. 2008-ல் காக்கிநாடா–புதுச்சேரி கால்வாய்களும் கழுவெளி ஏரியும் சேர்ந்து தேசிய நீர்வழி எண் 4 ஆனது. சட்டத்தின் தலைப்பிலேயே கழுவெளி பெயர் இருக்கிறது. விழுப்புரம் மாவட்டத்துக்கு அது பெரிய விஷயம்தான். ஆனால் முதல் கட்ட வேலை எடுக்கப்பட்டது ஆந்திராவில், கிருஷ்ணா நதியின் முக்த்யாலா–விஜயவாடா பகுதியில்.

தண்ணீர்தான் முதல் சிக்கல்

கனால் டு மிடிக்கு மலையடிவாரத்தில் சேன் ஃபெரியோல் என்ற அணைக்கட்டு இருக்கிறது. கோடையில் அங்கிருந்து தண்ணீர் இறங்கும். பக்கிங்காமுக்கு அப்படி ஒரு சேமிப்பு கிடையாது. கடலின் ஓதம் முகத்துவாரங்கள் வழியே ஏறி இறங்குவதை நம்பியே இது வெட்டப்பட்டது. மணல் சேர்ந்து முகத்துவாரம் அடைத்தால் கால்வாயில் ஆழம் போய்விடும். எனவே ஒருமுறை தூர்வாரி ரிப்பன் வெட்டினால் போதாது, வருஷா வருஷம் மணல் அள்ள வேண்டும். அதோடு தாழ்வான பாலங்களை உயர்த்த வேண்டும், பாழான லாக்குகளைப் புதுசாகக் கட்ட வேண்டும். ஆறு பேர் தங்கும் சொகுசுப் படகு வருமானத்தில் இதெல்லாம் நடக்காது. பிரான்ஸிலும் கால்வாய்ப் பராமரிப்பு அரசு அமைப்பின் பொறுப்பில்தான் இருக்கிறது.

யாருடைய தண்ணீர் இது?

இந்தக் கேள்வியைத்தான் சுற்றுலா பேசுபவர்கள் அவசரமாகத் தாண்டிப் போகிறார்கள். கால்வாயிலும் கழிமுகத்திலும் இருளர் குடும்பங்கள் கையாலேயே தடவி இறால் பிடிக்கின்றன. உப்பளங்களுக்கு உப்புநீர் வேண்டும். பூநாரைகள் வந்திறங்கும் கழுவெளி 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டுவிட்டது. வனத்துறை அனுமதி இல்லாமல் அதற்குள் படகு விட முடியாது. டீசல் இன்ஜின் சத்தமும் பூநாரையும் ஒரே இடத்தில் ஒத்துப்போகாது.

ஆலப்புழா ஒரு பாடம். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த கெட்டுவள்ளம் என்ற நெல் படகை 1990-களில் தங்கும் படகாக மாற்றி கேரளா உலகப் புகழ் பெற்றது. கூடவே டீசல் கசிவும் கழிவும் வேம்பநாட்டு ஏரியில் சேர்ந்தன. அங்கே மீன்பிடிப்பவர்கள் பல வருடங்களாக இதைச் சொல்லி வருகிறார்கள்.

ஆனால் தூர்வாருவதற்கு சுற்றுலாவைத் தாண்டியும் காரணம் இருக்கிறது. 2004 சுனாமியில் கரையேறிய தண்ணீரைப் பல இடங்களில் இந்தக் கால்வாய் உள்வாங்கிக்கொண்டது. மழைக்காலத்தில் வெள்ளம் வடியும் வழியும் இதுவே.

இப்போதைக்கு இதே கால்வாய்ப் பாதையில் படகு ஏற ஆசைப்பட்டால் சென்னை அருகே முட்டுக்காடு படகு இல்லம் இருக்கிறது. விழுப்புரம் பக்கத்தவர்களுக்கு கடலூர் மாவட்டத்தின் பிச்சாவரமும் எட்டும் தூரம்தான். மரக்காணத்தில் படகு கிடையாது. பனிக்காலத்தில் விடிகாலையிலேயே போனால், கரையில் நின்று பறவைகளைப் பார்க்கலாம்.