சந்தோசமும் சம்பளமும்



போன தவணை விடுமுறையில் நாங்கள் சில ஆசிரியர்கள் குடும்பத்தோடு நுவரெலியா போயிருந்தோம். ஒரு ஹோட்டலில் பகல் சாப்பாடு முடிந்து பில் வந்ததும் சின்ன வாக்குவாதம். "பில்லிலயே 10% சேவைக் கட்டணம் எடுத்திட்டாங்க, பிறகு எதுக்கு தனியா டிப்ஸ்?" என்றார் ஒருவர். "பாவம் அந்தப் பொடியன், காலையில இருந்து நிக்கிறான். ஏதாச்சும் சந்தோசம் குடுப்பம்" என்றார் மற்றவர். இரண்டிலும் நியாயம் இருந்தது. வரலாறு படிப்பிக்கிறவன் என்பதால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

நாங்கள் 'சந்தோசம்' என்று சொல்வதைப் பாரசீகர்கள் 'பக்ஷீஷ்' என்றார்கள். கொடை என்று பொருள். அந்தச் சொல் துருக்கிக்கும் எகிப்துக்கும் பரவியது. ரஷ்யர்கள் இதைத் 'தேநீருக்கு' என்பார்கள். பிரெஞ்சுக்காரர்களும் ஜெர்மன்காரர்களும் 'குடிப்பதற்கு' என்ற பொருளில் சொல்வார்கள். எல்லாச் சொல்லுக்கும் கருத்து ஒன்றுதான்: சம்பளத்துக்கு மேலே மனம் விரும்பிக் கொடுப்பது.

அந்த 'மேலே கொடுப்பது' சம்பளமாகவே மாறினால் என்ன நடக்கும்? அதற்கு அமெரிக்கா ஒரு பாடம்.

அங்கே 1865இல் அடிமை முறை ஒழிந்தது. 1867இல் ஜோர்ஜ் புல்மன் என்பவர் ரயில்களுக்குப் படுக்கைப் பெட்டிகள் நடத்தும் கம்பனியைத் தொடங்கினார். அதில் பயணிகளுக்குப் பணிவிடை செய்ய, விடுதலையான கறுப்பின மக்களைச் சேர்த்துக்கொண்டார். அவர்கள் பெட்டி தூக்கினார்கள், படுக்கை விரித்தார்கள், பயணிகள் தூங்கியதும் அவர்களின் சப்பாத்துகளைத் துடைத்தார்கள். பொலிஷ் வாங்குவதும் அவர்களின் சொந்தக் காசில்தான். மாதச் சம்பளம் முழுதாகக் கிடைக்க 400 மணித்தியாலம் அல்லது 11,000 மைல் ஓட வேண்டும். அந்தச் சம்பளமும் குடும்பம் நடத்தப் போதாது. மிச்சத்தைப் பயணிகளின் டிப்ஸில் தேடிக்கொள்ள வேண்டும்.

பயணிகள் அவர்களின் பெயரைக்கூடக் கேட்பதில்லை. முதலாளியின் பெயரால் எல்லாரையும் 'ஜோர்ஜ்' என்றே கூப்பிட்டார்கள். அடிமைகளை எஜமானின் பெயரால் அழைத்த பழக்கத்தின் மிச்சம் அது. 1897இல் புல்மன் இறந்த பிறகு கம்பனியின் தலைவரானவர் ரொபர்ட் லிங்கன். அடிமைகளின் விடுதலையைப் பிரகடனம் செய்த ஆப்ரஹாம் லிங்கனின் மகன்! அவர் காலத்திலும் இந்த முறை மாறவில்லை.

டிப்ஸை நம்பி வாழ்பவனுக்குக் கோபப்பட உரிமை இல்லை. ஏசினாலும் சிரிக்க வேண்டும். மல்கம் எக்ஸ் தன் சுயசரிதையில் இதைச் சொல்லியிருக்கிறார். இளம் வயதில் பொஸ்டன் நகரில் சப்பாத்துத் துடைத்தபோது, துணியைப் 'படார்' என்று சத்தம் வரச் சுண்டினால் டிப்ஸ் கூடும் என்று கற்றுக்கொண்டாராம். சத்தத்தால் சப்பாத்து கூடுதலாகப் பளபளக்காது. காசு கிடைத்தது வேலைக்கல்ல, வேடிக்கைக்கு.

1925இல் பிலிப் ராண்டோல்ஃப் தலைமையில் அந்தத் தொழிலாளர்கள் சங்கம் அமைத்தார்கள். பன்னிரண்டு வருடம் போராடி 1937இல் கம்பனியை ஒப்பந்தத்துக்குக் கொண்டுவந்தார்கள். மாத வேலை 240 மணித்தியாலமாகக் குறைந்தது, சம்பளம் கூடியது. ஆனால் நோய் நாட்டை விட்டுப் போகவில்லை. 1966இல் வந்த சட்டத் திருத்தம், வாடிக்கையாளர் தரும் டிப்ஸைச் சம்பளத்தில் கழித்துக்கொள்ள ஹோட்டல் முதலாளிகளுக்கு இடம் கொடுத்தது. டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி கையிலிருந்து கொடுக்க வேண்டிய மத்திய சட்டத் தொகை, 1991இலிருந்து மணிக்கு 2.13 டொலர்தான். ஆகவே அமெரிக்காவில் பில்லுக்கு மேல் 15, 20 வீதம் வைப்பது தாராளம் அல்ல. அது முதலாளி கொடுக்காத சம்பளம். ஜப்பானில் இதற்கு நேர்மாறு. மேசையில் காசை விட்டுவிட்டு வந்தால், மறந்துவிட்டீர்கள் என்று பின்னால் ஓடி வந்து தருவார்கள்.

அதனால் பயணம் போகிறவர்கள், அது உம்ராவாக இருந்தாலும் சுற்றுலாவாக இருந்தாலும், 'எவ்வளவு டிப்ஸ் வைப்பது?' என்பதற்கு முன் 'இங்கே இவருக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள்?' என்று விசாரியுங்கள். நம் நாட்டில் பில்லைப் பாருங்கள். சேவைக் கட்டணம் இல்லாத சின்னக் கடையென்றால் கையில் கொடுங்கள். அறையைத் துப்புரவு செய்கிறவர் கண்ணில் படமாட்டார், அவரை மறக்காதீர்கள். கொடுப்பதை மற்றவர் பார்க்காமல், ஒரு நன்றியோடு கொடுங்கள்.

ஆனால் அரச அலுவலகத்தில் கோப்பு நகர்வதற்குக் கொடுப்பதையும் 'சந்தோசம்' என்கிறோமே, அது வேறு. ஸகாத் வசூலித்து வந்த ஒருவர் "இது எனக்குக் கிடைத்த அன்பளிப்பு" என்றபோது, தாய் தகப்பன் வீட்டில் சும்மா இருந்திருந்தால் அது உமக்குக் கிடைத்திருக்குமா என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கண்டித்ததை நாம் அறிவோம்.

கடை, ஹோட்டல் நடத்தும் நம் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. வியர்வை காயுமுன் கூலி கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. அந்தக் கூலியை வாடிக்கையாளரின் தலையில் கட்டிவிடாதீர்கள்.

நுவரெலியாவில் அந்தப் பொடியனிடம் மெதுவாகக் கேட்டேன், "தம்பி, இந்தச் சேவைக் கட்டணம் உங்கட கைக்கு வருமா?" அவன் காசாளர் மேசைப் பக்கம் ஒருமுறை பார்த்தான். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தான். பதில் சொல்லவில்லை.

நாங்கள் தனியாகவும் கொடுத்துவிட்டுத்தான் வந்தோம்.

டுபாயிலும் கட்டாரிலும் ஹோட்டல் வேலை செய்யும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள், உங்கள் அனுபவத்தையும் கீழே எழுதுங்கள்.