மேலவையில் ஒரு கவிஞர்: ஐரிஷ் செனட்டில் யேட்ஸ் (1922–1928)

கவிஞர் அவைக்குச் செல்லலாமா என்னும் வினா மிகப் பழையது. அரசவையில் பாடிப் பரிசில் பெறுவது வேறு. அவையின் உறுப்பினராக அமர்ந்து, சட்டத்தின் ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டு, ஆதரித்தோ எதிர்த்தோ வாக்களிப்பது வேறு. முன்னதில் கவிஞர் விருந்தினர். பின்னதில் அவர் பொறுப்பாளி. இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் அத்தகைய பொறுப்பை ஆறாண்டுகள் சுமந்தவர் அயர்லாந்தின் பெருங்கவிஞர் வில்லியம் பட்லர் யேட்ஸ்.

பதவிக்காலம் முடிந்தபின், 1929இல் வெளியிட்ட சிறு நூலொன்றில், அமெரிக்கக் கவிஞர் எஸ்ரா பவுண்டுக்கு அவர் ஓர் அறிவுரை கூறினார். தன் நாட்டின் மேலவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட ஒருபோதும் இசையலாகாது என்பதே அது. முதிய வழக்கறிஞர், வங்கியாளர், வணிகர் ஆகியோர் நிறைந்த அவையில் தம்மைப் போன்றவர் பொருந்தாதவரே என்பது அவர் கண்ட முடிவு. அந்தக் கசப்பு உண்மையானது. எனினும் அவர் அங்கே ஆற்றிய பணிகளை வரிசைப்படுத்திப் பார்ப்பவர்க்கு அந்த முடிவை அப்படியே ஏற்றுக்கொள்ளத் தோன்றாது.

அவையின் தோற்றம்

1921 டிசம்பர் 6ஆம் நாள் பிரிட்டனுக்கும் ஐரிஷ் தலைவர்களுக்கும் இடையே உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. சரியாக ஓராண்டு கழித்து ஐரிஷ் சுதந்திர நாடு முறைப்படி பிறந்தது. ஆனால் பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாச உறுதிமொழி கூறுவதையும், வடபகுதியின் ஆறு மாவட்டங்கள் பிரிந்து நிற்பதையும் ஏற்க மறுத்தோர் பலர். 1922 ஜூனில், நேற்றுவரை தோளோடு தோள் நின்று போரிட்ட விடுதலை வீரர்களே இரு கூறாகி ஒருவரையொருவர் சுட்டுக்கொள்ளும் உள்நாட்டுப் போர் மூண்டது.

இந்தச் சூழலில்தான் 60 உறுப்பினர் கொண்ட செனட் என்னும் மேலவை அமைந்தது. அவர்களில் 30 பேரை 'டாயில்' எனப்படும் மக்களவை தேர்ந்தெடுத்தது. மற்ற 30 பேரை ஆட்சிக் குழுவின் தலைவர் காஸ்கிரேவ் நியமித்தார். உறுப்பினராவதற்குக் குறைந்த வயது 35. மக்களவை நிறைவேற்றிய சட்டத்தை 270 நாள்வரை தாமதப்படுத்தும் அதிகாரம் மேலவைக்கு இருந்தது. அதை அடியோடு தடுக்கும் அதிகாரம் இல்லை. நிதி மசோதாக்களைப் பற்றி 21 நாளுக்குள் பரிந்துரை கூறலாம், அவ்வளவே.

அதிகாரம் குறைந்த இந்த அவைக்கு ஒரு தனி நோக்கம் இருந்தது. புதிய நாட்டின் மக்களில் மிகப் பெரும்பாலோர் கத்தோலிக்கர். 1926ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படி பிறர் நூற்றுக்கு எட்டுப் பேருக்கும் குறைவே. நெடுங்காலம் நிலமும் பதவியும் கல்வியும் தம்வசம் கொண்டிருந்த புராட்டஸ்டண்டுப் பிரிவினர் சுதந்திர நாட்டில் அச்சத்துடன் வாழும் சிறுபான்மையினராயினர். அவர்களுக்கு மேலவையில் உரிய இடம் உண்டு என்று ஆர்தர் கிரிஃபித் வாக்களித்திருந்தார். 1922 ஆகஸ்டில் அவர் மறைந்தபின், காஸ்கிரேவ் தம் நியமனங்களால் அந்த வாக்கைக் காப்பாற்றினார்.

யேட்ஸும் அப்பிரிவில் பிறந்தவரே. எனினும் ஐரிஷ் மறுமலர்ச்சியின் முன்னோடி. 1904இல் திறக்கப்பெற்ற அபே நாடக அரங்கை நிறுவியோருள் ஒருவர். இளமையில் விடுதலை இயக்கத்தோடும் தொடர்பு கொண்டவர். மருத்துவரும் கவிஞருமான நண்பர் ஆலிவர் கோகர்ட்டியின் பரிந்துரை துணைநிற்க, ஆறாண்டுக்கு நியமனம் பெற்றார். ஊதியம் ஆண்டுக்கு 360 பவுன்.

தீயின் நடுவே

அவை முதன்முறையாகக் கூடியது 1922 டிசம்பர் 11ஆம் நாள். அதற்கு மூன்று நாள் முன்னர், மக்களவை உறுப்பினர் ஒருவர் கொலையுண்டதற்குப் பழிவாங்கும் முறையில், சிறையிலிருந்த எதிரணியினர் நால்வரை அரசு விசாரணையின்றிச் சுட்டுக் கொன்றிருந்தது. அந்தப் போரில் அரசு இவ்வாறு உயிர் பறித்தோர் 70க்கும் மேற்பட்டவர். எதிரணியினரோ செனட் உறுப்பினர்களையே இலக்காக அறிவித்தனர். 1923ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உறுப்பினர்களின் வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தன. கூட்டுறவு இயக்கத்தின் தந்தை ஹோரஸ் பிளங்கெட்டின் இல்லமும், நாவலாசிரியர் ஜார்ஜ் மூர் பிறந்து வளர்ந்த மூர் மாளிகையும் சாம்பலாயின. ஜார்ஜின் தம்பி மாரிஸ் மூர் செனட் உறுப்பினராயிருந்ததே அந்த மாளிகை செய்த குற்றம்.

கோகர்ட்டியை 1923 ஜனவரியில் ஆயுதந்தாங்கியோர் கடத்திச் சென்றனர். அவர் லிஃபி ஆற்றில் குதித்து நீந்தித் தப்பினார். பின்னர் தம் உயிரைக் காத்த ஆற்றுக்கு நன்றியாக இரண்டு அன்னங்களைக் காணிக்கையாக விட்டார். டப்ளின் மெரியன் சதுக்கத்திலிருந்த யேட்ஸின் வீட்டுக்கு ஆயுதக் காவல் போடப்பட்டது. அவர் நெடுங்காலம் காதலித்துப் பாடிய மாட் கான் அம்மையார் எதிரணியில் நின்று, அதே ஆண்டில் சிறை சென்றார். ஆகவே செனட் பதவி வெறும் அணிகலனாக இருக்கவில்லை. அதை ஏற்றவர் குருதிக்கறை படிந்த ஓர் அரசின் பக்கம் நின்றார். அதற்குரிய விலையையும் தந்தார். 1923இல் நோபல் பரிசு பெற ஸ்டாக்ஹோம் சென்றவர் இந்த உறுப்பினர்தாம்.

சுவடியும் நாணயமும்

அவையில் யேட்ஸ் எடுத்த முதல் முயற்சிகளுள் ஒன்று ஐரிஷ் மொழியின் பழஞ்சுவடிகளைப் பற்றியது. ராயல் ஐரிஷ் கழகத்திலும் டிரினிட்டி கல்லூரியிலும் கிடந்த சுவடிகளைப் பதிப்பித்து அட்டவணைப்படுத்தவும், பேச்சு வழக்குகளை ஆராயவும், பழைய மொழிக்குத் தக்க அகராதி தொகுக்கவும் திட்டம் வகுக்க ஒரு குழு வேண்டுமென 1923 ஏப்ரலில் தீர்மானம் கொணர்ந்தார். குழுவின் தலைமையும் அவருக்கே வந்தது. வியப்பு என்னவெனில், யேட்ஸுக்கு ஐரிஷ் மொழி தெரியாது. அம்மொழியைச் சட்டத்தால் திணிப்பதை எதிர்த்து அவர் அதே அவையில் பேசியுமிருக்கிறார். கட்டாயத்தால் மொழி வெறுப்புக்கு ஆளாகும், புலமையால் மதிப்புப் பெறும் என்பது அவர் கருத்து. குழு 1924இல் அறிக்கை தந்தது. அரசு அப்போது நிதி ஒதுக்க முன்வரவில்லை. ராயல் ஐரிஷ் கழகம் 1913இல் வெளியிடத் தொடங்கிய பழைய மொழியின் பேரகராதி முற்றுப்பெற்றது 1976இல்தான். சுவடிகளின் அருமை அறிந்தோர்க்கு அந்த 63 ஆண்டுகளின் பொருள் விளங்கும்.

மற்றொரு பணி முழு வெற்றி கண்டது. 1926இல் நாணயச் சட்டம் வந்தபோது, புதிய நாணயங்களின் வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும் குழுவுக்கு அவர் தலைவரானார். அஞ்சல் தலையும் நாணயமும் ஒரு நாட்டின் சுவையுணர்வை ஏந்திச் செல்லும் மௌனத் தூதர்கள் என்று அவையில் கூறினார். தலைவர்களின் முகமோ சமயச் சின்னமோ வேண்டாவென்று, உழவுநாட்டுக்கு ஏற்ற உயிரினங்களைக் குழு தெரிந்தெடுத்தது. குதிரை, சால்மன் மீன், காளை, வேட்டை நாய், முயல், குஞ்சுகளுடன் கோழி, குட்டிகளுடன் பன்றி, காட்டுப் பறவை என எட்டு நாணயங்கள், மறுபுறம் யாழ். பெயர் மறைத்து நடத்திய போட்டியில் தேர்வு பெற்றவர் பெர்சி மெட்காஃப் என்னும் ஆங்கிலேயர். விடுதலை பெற்ற ஆறாண்டில் ஆங்கிலேயர் ஒருவருக்கு இப்பணியா, கடவுளின் பெயரில்லாத காசா என்று கண்டனங்கள் எழுந்தன. 1928 டிசம்பரில் வெளிவந்த அவ்வடிவங்களில் சில, 2002இல் யூரோ வரும்வரை மக்களின் கைகளில் புழங்கின.

பள்ளியில் முதியவர்

1926இல் பள்ளிகளைப் பார்வையிட்ட உறுப்பினர் என்ற முறையில் யேட்ஸ் வாட்டர்ஃபோர்டு நகரில் கன்னியர் நடத்திய தொடக்கப் பள்ளிக்குச் சென்றார். அவருக்கு வயது அறுபது. அவையில் அவர் பேசியபோது, குளிரும் அழுக்கும் மிகுந்த பள்ளிக் கட்டடங்களைச் சீர்செய்யாமல் பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தி அனுப்புவது தகாது என்றும், கல்வியின் நோக்கம் குழந்தையே என்றும் வாதிட்டார். அந்த வருகையிலிருந்தே 'பள்ளிக் குழந்தைகளிடையே' என்னும் அவரது புகழ்மிக்க கவிதையும் பிறந்தது. செனட் உறுப்பினராக இல்லாதிருந்தால் அவர் அந்த வகுப்பறைக்குள் நுழைந்திருக்க வாய்ப்பில்லை.

தோற்ற உரை

அவை அஞ்சாமைக்கு எடுத்துக்காட்டாக நிற்பது 1925 ஜூன் 11ஆம் நாள் அவர் ஆற்றிய உரை. சுதந்திரத்திற்கு முன்னர், ஐரிஷ் மக்கள் மணவிலக்குப் பெற இலண்டன் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டம் கொணர வேண்டியிருந்தது. அந்த வழி புதிய நாடாளுமன்றத்திலும் திறந்திருப்பதை அரசு விரும்பவில்லை. அத்தகைய மசோதாக்கள் அவைக்கே வராதபடி அடைக்க முற்பட்டது.

யேட்ஸ் எழுந்தார். கத்தோலிக்கத் திருச்சபையின் நம்பிக்கையைப் பிறர்மீது சட்டமாகச் சுமத்தினால் வடபகுதி ஒருநாளும் வந்து சேராது, நாட்டின் நடுவே ஆப்பு அடித்ததாகும் என்றார். டப்ளின் பெருந்தெருவில் சிலையாக நிற்கும் பெருமக்களின் சொந்த வாழ்வை எள்ளலாகச் சுட்டிக்காட்டியபோது, இறந்தோரை விட்டுவிடலாமே என்று அவைத் தலைவர் இடைமறித்தார். இறுதியில் தம் சிறுபான்மையினரைப் பற்றிப் பேசினார். பர்க், கிராட்டன், ஸ்விஃப்ட், எம்மெட், பார்னெல் ஆகியோரைத் தந்த மக்கள் அற்பமானவர் அல்லர் என்று முழங்கினார்.

அந்த முழக்கத்தில் உயர்குடிச் செருக்கு கலந்திருந்ததை மறுக்க இயலாது. அவர் பிரிவைச் சார்ந்தோரே அதனால் சங்கடமடைந்தனர். உரை தோற்றது. 1937ஆம் ஆண்டின் அரசியல் சட்டம் மணவிலக்கை வெளிப்படையாகவே தடைசெய்தது. 1986இல் மக்களின் வாக்கெடுப்பும் அத்தடையை உறுதி செய்தது. 1995 நவம்பரில் நடந்த அடுத்த வாக்கெடுப்பில், பதினாறு இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் 9,114 வாக்கு வேறுபாட்டில் தடை நீங்கிற்று. கவிஞரின் சொல் மெய்ப்பட எழுபது ஆண்டுகள் ஆயின.

நிழலும் வழித்தோன்றலும்

யேட்ஸைக் குறையற்றவராகக் காட்டுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. இத்தாலியப் பாசிச அரசின் கல்விச் சீர்திருத்தத்தை அவர் அவையிலேயே பாராட்டினார். 1933இல் 'நீலச் சட்டையினர்' என்னும் வலதுசாரி இயக்கத்துக்கு அணிவகுப்புப் பாடல்கள் எழுதினார், பின்னர் விலகினார். சிறுபான்மையின் உரிமைக்கு நின்ற அதே மனம், கற்றோர் சிலரின் ஆட்சியையும் விரும்பிற்று.

உடல்நலம் குன்றிய நிலையில் 1928 செப்டம்பரில் அவரது பதவிக்காலம் முடிந்தது. அப்போது நூல் தணிக்கை மசோதா வந்துகொண்டிருந்தது. அதனைக் கட்டுரை எழுதி எதிர்த்தார். அது 1929இல் சட்டமாயிற்று. 1936இல் டி வலேரா அந்த மேலவையையே ஒழித்தார். 1937ஆம் ஆண்டின் அரசியல் சட்டம் அதனைப் புது வடிவில் மீட்டு, 60 உறுப்பினரில் 11 பேரை நியமிக்கும் முறையை வைத்தது. 2013இல் அதனை ஒழிக்கக் கருதி நடத்திய வாக்கெடுப்பில் மக்கள் மறுத்துவிட்டனர்.

இந்த நியமன முறை இந்தியாவுக்கும் வந்தது. மாநிலங்களவையில் இலக்கியம், அறிவியல், கலை, சமூகப் பணி ஆகியவற்றில் தேர்ந்த 12 பேரை நியமிக்கும் முறைக்கு முன்மாதிரி ஐரிஷ் அரசியல் சட்டம் என்று அரசியல் நூல்கள் பொதுவாகக் கூறும். அவ்வாறு நியமனம் பெற்றவருள் ஒருவர், சென்னையில் பிறந்து ஆங்கிலத்தில் எழுதிய ஆர். கே. நாராயண். மாநிலங்களவையில் தம் கன்னிப் பேச்சை அவர் பள்ளிப் பிள்ளைகள் முதுகில் சுமக்கும் புத்தக மூட்டைக்காகச் செலவிட்டார். கற்றல் சுமையை ஆராய்ந்த பேராசிரியர் யஷ்பால் குழுவின் அறிக்கை 1993இல் வெளிவந்தது. வாட்டர்ஃபோர்டு வகுப்பறையைக் கண்டவரும், மைசூர்த் தெருக்களில் நடந்தவரும், அவையில் இடம் கிடைத்தபோது குழந்தையையே நினைத்தனர்.

மேலவையில் வாக்குகளை எண்ணிப் பார்த்தால் யேட்ஸ் பெரும்பாலும் தோற்றவரே. சுவடிக்குப் பணம் கிட்டவில்லை. மணவிலக்கு உரிமை கிட்டவில்லை. தணிக்கை வந்தே தீர்ந்தது. ஆயினும் பெரும்பான்மை கேட்க விரும்பாததை, அது கேட்டே ஆகவேண்டிய இடத்தில் நின்று சொன்னார். அது அவைக்குறிப்பில் ஏறிற்று. பிற்காலத்தார் தேடியபோது அது அங்கே இருந்தது. கவிஞருக்கு அவையில் உரிய பணி இதுவே. பவுண்டுக்கு அவர் கூறிய அறிவுரை களைப்பின் சொல். அவர் செய்துகாட்டியதே பின்வருவோர்க்கு வழியாகத் தக்கது.