ஆதரவு இழந்த கணினிகள்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

1991இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸ் கெர்னலை இன்டெல் 386 கணினியில்தான் எழுதினார். 2013 பிப்ரவரியில் வெளிவந்த 3.8ஆம் பதிப்பு அதே 386 சில்லுக்கான ஆதரவைக் கைவிட்டது. பிற்காலச் சில்லுகளின் சில கட்டளைகள் அதில் இல்லை. அதற்கென எழுதிய மாற்றுவழிகளைப் பேணுவது நிரலாளர்களுக்குச் சுமையாயிற்று. ஆயினும் மூலநிரல் பொதுவில் இருந்தமையால், பழைய பதிப்பை நிறுவவோ திருத்தவோ எவருக்கும் தடையில்லை.

2021இல் வந்த விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 பாதுகாப்புக் கூறு இல்லாத கணினிகளை ஆதரவுப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. அவற்றிலும் அதனை நிறுவ வழிகள் உண்டு. ஆனால் புதுப்பிப்புகள் தொடர்ந்து கிடைக்கும் என்ற உறுதியை மைக்ரோசாப்ட் அளிக்கவில்லை.

ஆதரவு இரு இடங்களிலும் முடிந்தது. அதன்பின் கணினியைப் பேணும் உரிமை ஓரிடத்தில் பயனரிடமும், மற்றோரிடத்தில் நிறுவனத்திடமும் எஞ்சியது.