மூலமலை முதல் விக்கிமூலம் வரை: இணையச் சமூகம் ஒன்றின் பெயர்த்தேர்வு

முன்னுரை

நூலுக்குப் பெயரிடும் உரிமை ஆசிரியருக்கும், ஊருக்குப் பெயரிடும் உரிமை ஆட்சியாளர்க்கும் உரியதாக இருந்து வந்துள்ளது. இணையத்தில் கூடிப் பணியாற்றும் தன்னார்வலர் சமூகங்கள் தோன்றியபின், உழைப்பவர்களே ஒன்றுகூடித் தம் தளத்தின் பெயரை வாக்களித்துத் தேர்ந்துகொள்ளும் புதுவழக்கு உருவாயிற்று. அவ்வழக்கின் தொடக்ககாலச் சான்றுகளுள் ஒன்று, இன்று தமிழில் விக்கிமூலம் என வழங்கும் திட்டம் 2003ஆம் ஆண்டு திசம்பர் 6ஆம் நாள் பெற்ற பெயர் மாற்றமாகும். அவ்வாக்கெடுப்பு எதனை முடிவு செய்தது, எதனை முடிவு செய்யாது விட்டது என்பதையும், விடுபட்டதை இந்திய மொழிகள் எவ்வாறு நிறைவு செய்தன என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திட்டத்தின் தோற்றம்

விக்கிப்பீடியா 2001ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாள் தொடங்கப்பெற்றது. கலைக்களஞ்சியம் என்பது பொருள்களைப் பற்றிச் சுருங்க உரைப்பது. பழைய ஆவணங்களையும் இலக்கியங்களையும் முழுமையாகத் தாங்கி நிற்பது அதன் பணியன்று. எனினும் கட்டுரை எழுதுவோர்க்கு அத்தகைய பனுவல்கள் இன்றியமையாதவை. அவற்றைத் தனியே தொகுத்து வைக்க ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் இதனால் எழுந்தது.

அக்காலத்தில் இத்துறையில் முன்னோடியாக விளங்கியது கூட்டன்பர்க் திட்டமாகும். மைக்கேல் ஆர்ட்டு 1971ஆம் ஆண்டு தொடங்கிய அத்திட்டம், அச்சுக்கலை முன்னோடியாகிய கூட்டன்பர்க்கின் பெயரைத் தாங்கியது. அதனை நினைவூட்டும் வகையில், புதிய முயற்சிக்குச் ‘சோர்ஸ்பர்க் திட்டம்’ என்ற சொல்விளையாட்டுப் பெயர் வழங்கலாயிற்று. ‘சோர்ஸ்’ என்பது மூலம். ‘பர்க்’ என்பது செருமானிய மொழியில் மலை. தமிழில் ‘மூலமலை’ எனலாம். பனிமலை என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லும் ‘பர்க்’ என்றே முடிவதால், பனிமலையின் ஒளிப்படமே திட்டத்தின் சின்னமாயிற்று.

இரவல் முகவரி

தொடக்கத்தில் இத்திட்டத்துக்கெனத் தனி முகவரி இல்லை. விக்கிப்பீடியாவின் கீழ் ‘பி.எஸ்.’ என்னும் ஈரெழுத்துக் குறியீட்டில் தற்காலிகமாக இயங்கிற்று. அவ்வெழுத்துகளுக்குச் ‘சோர்ஸ்பர்க் திட்டம்’ என்றும் ‘முதன்மை மூலங்கள்’ என்றும் ஆங்கில வழியில் விரிவு கூறப்பட்டது. ஆனால், பன்னாட்டு மொழிக் குறியீட்டு முறையில் ‘பி.எஸ்.’ என்பது பசுத்தூ மொழிக்கு உரியது. ஆப்கானித்தானத்திலும் பாகித்தானத்திலும் பல கோடி மக்கள் பேசும் மொழியின் கலைக்களஞ்சியத்துக்கு உரிய இடத்தில் பிறிதொரு திட்டம் குடியிருந்தது.

பெயரும் முகவரியும் இணையத்தில் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது. அச்சுலகில் இருவேறு நூல்கள் ஒரே பெயரைத் தாங்கலாம். சங்கப் புலவர் பலர் ஒரே பெயரைத் தாங்கியிருந்தனர். இணைய முகவரியிலோ ஒன்று குடியேறினால் மற்றொன்றுக்கு அங்கு இடமில்லை. 2003ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் நாள் திட்டம் வேறொரு தற்காலிக முகவரிக்கு மாற்றப்பட்டு முறையாகத் தொடங்கப்பெற்றது. முகவரி தெளிவானதும் பெயர் பற்றிய வினா முன்னுக்கு வந்தது.

வாக்கெடுப்பும் அதன் எல்லையும்

விக்கிச் சமூகங்கள் பொதுவாக வாக்கெடுப்பை விரும்புவன அல்ல. கட்டுரையின் கருத்துகளில் மாறுபாடு எழுந்தால், உரையாடி இணக்கம் காண்பதே அவற்றின் நெறி. இரு தரப்பின் கூற்றுகளையும் ஒரே கட்டுரையில் அருகருகே வைக்க இயலும். பெயரின் நிலை வேறு; இரு பெயர்களைப் பாதிபாதியாக இணைத்து ஒரு பெயர் ஆக்குதல் இயலாது. எனவே, வாக்கெடுப்பை ஐயுறும் சமூகமும் பெயர்த்தேர்வில் அதனை நாட வேண்டியதாயிற்று.

திசம்பர் 6ஆம் நாள் வாக்கெடுப்பின் வழித் திட்டம் ‘விக்கிசோர்ஸ்’ எனப் பெயர் மாற்றம் பெற்றது. அதற்கு முன்னரே விக்சனரி 2002ஆம் ஆண்டிலும், விக்கிநூல்கள், விக்கிமேற்கோள் ஆகியன 2003ஆம் ஆண்டிலும் தோன்றியிருந்தன. அவற்றின் வரிசையில் இப்பெயர் இயல்பாகப் பொருந்திற்று. நன்னூலார் கூறும் இடுகுறி, காரணம் என்னும் பகுப்பைக் கொண்டு நோக்கினால், விளையாட்டாய் அமைந்த பெயரை நீக்கிக் காரணப்பெயரைச் சமூகம் ஏற்றது எனலாம். புதிதாக வருவோர்க்குத் தளத்தின் இயல்பைப் பெயரே உணர்த்தியது.

ஆயினும் வாக்கெடுப்பின் முடிவு உடனே முழுமை பெறவில்லை. புதிய பெயரிலான நிலையான முகவரி 2004ஆம் ஆண்டு சூலை 23ஆம் நாளே கிட்டியது. சின்னத்தின் வரலாறு இன்னும் நோக்கத்தக்கது. மலை என்ற சொல் பெயரிலிருந்து நீங்கியபின் பனிமலைச் சின்னத்துக்குக் காரணம் இல்லாது போயிற்று. அதனை மாற்ற இருமுறை வாக்கெடுப்பு நடந்தும் முடிவு எட்டப்படவில்லை. 2006ஆம் ஆண்டில் உரிமம் பற்றிய இடர்ப்பாட்டாலும், ஒளிப்படத்தைப் பல அளவுகளில் செம்மையாகப் பயன்படுத்த இயலாமையாலும் அது மாற்றப்பட்டது; அப்போதும் அதே பனிமலையின் கோட்டோவியமே இடம்பெற்றது. வழக்கிழந்த சொல்லின் பொருள் ஊர்ப்பெயரில் எஞ்சி நிற்பதுபோல, வாக்கெடுப்பில் நீங்கிய பெயர் சின்னத்தில் எஞ்சி நிற்கிறது.

பெயர் உணர்த்திய பொருள்

‘சோர்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல் இங்குச் சார்புநிலையைச் சுட்டுகிறது. எதற்கு மூலம் என்ற வினாவுக்குக் கலைக்களஞ்சியத்துக்கு மூலம் என்பதே விடை. திட்டம் தோன்றிய சூழலை இது சரியாகவே குறிக்கிறது. ஆனால், ஒரு காப்பியத்தையோ நாவலையோ படிப்பதற்காகவே வரும் வாசகர்க்கு அது வேறொரு நூலின் மேற்கோள் ஆதாரம் அன்று. தன்னளவில் முழுமையான நூல். வாக்கெடுப்பு பெயரை முடிவு செய்ததே அன்றி இவ்வினாவைத் தீர்க்கவில்லை.

மொழிவாரித் தளங்கள் பிரிந்தபோது இதற்கான விடைகள் வெளிப்பட்டன. 2004ஆம் ஆண்டு எபிரேய மொழிக்குத் தனித்தளம் அமைந்தது. 2005ஆம் ஆண்டு ஆகத்து மாதம் மேலும் பல மொழிகள் தனித்தளம் பெற்றன. எபிரேயர் ‘விக்கிப்பனுவல்’ எனப் பொருள்படும் பெயரைக் கொண்டனர். இந்திய மொழிகளுள் தெலுங்கும் கன்னடமும் ஆங்கிலப் பெயரையே ஒலிபெயர்த்துக் கொண்டன. இந்தி, மராத்தி, குசராத்தி, சமற்கிருதம் ஆகியன ஊற்று, ஒழுக்கு என்னும் பொருளுடைய ‘சுரோத’ என்ற சொல்லை ஏற்றன. வங்காளத்தில் அது தொகுப்பு எனப் பொருள்படும் ‘சங்கலன்’ ஆயிற்று. மலையாளிகள் ‘விக்கிகிரந்தசாலை’ என்றனர். நூலகம் என்பதே அதன் பொருள். ஒரே திட்டம் ஊற்றாகவும் தொகுப்பாகவும் நூலகமாகவும் உணரப்பட்டமை இப்பெயர்களால் புலனாகிறது.

தமிழில் ‘மூலம்’

தமிழ்ப் பெயரை வெறும் மொழிபெயர்ப்பு எனக் கருதுதல் பொருந்தாது. தமிழ் நூற்பதிப்பு மரபில் ‘மூலம்’ என்பது உரையினின்று வேறுபடுத்தி அறியப்படும் ஆசிரியரின் பனுவலாகும். உ.வே. சாமிநாதையர் 1887ஆம் ஆண்டு வெளியிட்ட சீவகசிந்தாமணிப் பதிப்பு மூலமும் நச்சினார்க்கினியர் உரையும் எனத் தலைப்பிடப்பட்டது. ‘மூலபாடம்’, ‘மூலமும் உரையும்’ என்னும் தொடர்கள் தமிழ் மாணாக்கர் அனைவரும் அறிந்தவை. இம்மரபில் மூலம் பிறிதொன்றைச் சார்ந்து நிற்பதில்லை. உரையே மூலத்தைச் சார்ந்து நிற்கிறது. ஆங்கிலப் பெயரில் துணைநிலையில் இருந்த பனுவல், தமிழ்ப் பெயரில் தலைமை நிலையை அடைகிறது.

பின்னைய நிகழ்வுகள் இப்பெயருக்குப் பொருள் சேர்த்தன. 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், சங்கம் இருந்ததாகக் கூறப்படும் நகரின் பெயரைத் தாங்கித் தமிழ்ப் பனுவல்களை மின்வடிவில் அளித்து வந்தது. 2010களின் நடுப்பகுதியில் தமிழ் இணையக் கல்விக்கழகம் மின்னுருவாக்கிய நாட்டுடைமை நூல்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை விக்கிமூலத்தில் இடம்பெற்றன. அங்கு அச்சுப் பக்கத்தின் படிமம் ஒருபுறமும் எழுத்துவடிவம் மறுபுறமும் அமைய, தன்னார்வலர்கள் ஒப்பிட்டு மெய்ப்புப் பார்க்கின்றனர். ஏட்டையும் படியையும் ஒப்புநோக்கிய பதிப்பாசிரியர் பணியின் தொடர்ச்சியாக இதனைக் கொள்ளலாம்.

பெயரிடும் உரிமை

பெயர்த்தேர்வில் சமூகத்தின் உரிமை எத்தகையது என்பதை 2020ஆம் ஆண்டின் இரு நிகழ்வுகள் தெளிவாக்கின. இத்தளங்களை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை, தன் பெயரையும் இயக்கத்தின் பெயரையும் மாற்றக் கருதிக் கருத்துக்கணிப்பு நடத்தியது. இருக்கும் பெயரே நிலைக்கட்டும் என்னும் தெரிவு அதில் இடம்பெறவில்லை. தன்னார்வலர்களும் அவர்தம் அமைப்புகளும் திறந்த மடல்வழி எதிர்ப்புத் தெரிவிக்கவே, முயற்சி நிறுத்திவைக்கப்பட்டது. அதே ஆண்டில் புதிய திட்டமொன்றுக்குச் சமூகத்திடம் பெயர்களைக் கேட்டு வாக்கெடுப்பு நடத்தப்பட்டது. ‘விக்கிஃபங்சன்ஸ்’ என்ற பெயர் திசம்பரில் அறிவிக்கப்பட்டு ஏற்கப்பட்டது. முன்னதில் வேண்டாம் என்று கூற வழியில்லை. பின்னதில் பெயரை முன்மொழியவே வழி இருந்தது. வாக்கெடுப்பின் செம்மை வாக்குகளை எண்ணும் முறையில் மட்டுமன்றித் தெரிவுகளை வகுக்கும் முறையிலும் அடங்கியுள்ளது.

முடிவுரை

2003ஆம் ஆண்டின் வாக்கெடுப்பு ஒரு தளத்தின் பெயரை மாற்றியது. அதன் பொருளை வரையறுத்து முடிக்கவில்லை. சின்னம் பழைய பெயரைக் காத்து நின்றது. மொழிகள் புதிய பெயரைத் தத்தம் மரபுக்கேற்ப உணர்ந்துகொண்டன. தமிழில் மூலம் என்ற சொல், பல நூற்றாண்டு உரைமரபின் பொருட்செறிவை ஓர் இணையத் திட்டத்துக்கு வழங்கிற்று. பெயரைச் சூட்டுவது வாக்கு. அப்பெயருக்குப் பொருள் ஊட்டுவது, அதன்கீழ் நாள்தோறும் நடைபெறும் பணி.