ஒரு மாஸ்டரின் யோசனையும் ஒற்றை சொக்கும்

நம் ஊரில் ஓடும் யமஹா எப்.இசட் பைக்கின் பின்பக்கத்தைப் பாருங்கள். பழைய பைக்குகளில் இரண்டு பக்கமும் சொக் இருக்கும். இதில் நடுவில் ஒன்றே ஒன்றுதான். அதற்கு யமஹா வைத்த பெயர் 'மொனோகுரோஸ்'. அந்தப் பெயருக்குப் பின்னால் ஓர் ஆசிரியரின் கதை இருக்கிறது.

1960களில் ஐரோப்பாவில் மண்மேட்டிலும் சேற்றிலும் ஓடும் மோட்டோகுரோஸ் பந்தயங்களில் டூ ஸ்ட்ரோக் பைக்குகள் முன்னுக்கு வந்தன. இந்த என்ஜின் நமக்குப் பழக்கமானதுதான். பெற்றோலோடு டூ டீ ஓயில் கலந்து, புகை விட்டுக்கொண்டு ஓடிய பழைய த்ரீவீல்களை நினைத்துப் பாருங்கள். போர் ஸ்ட்ரோக் என்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் எரியும். இதில் ஒவ்வொரு சுற்றுக்கும் எரியும். பாகங்களும் குறைவு, பாரமும் குறைவு.

என்ஜினின் பலம் கூடிக்கொண்டே போனது. பின்சில்லுதான் ஈடுகொடுக்கவில்லை. 1970களின் தொடக்கத்தில் அது மேலும் கீழும் அசைய இருந்த இடம் சுமார் 4 அங்குலம். பள்ளத்தில் விழுந்தால் சில்லு துள்ளும். நிலத்தில் படாத சில்லுக்கு எவ்வளவு பலம் கொடுத்து என்ன பயன்?

பெல்ஜியத்தின் லீஜ் நகரில் பொறியியல் கற்பித்த லூசியன் டில்கென்ஸ் இதற்கு ஒரு வழி கண்டார். பின்சில்லைத் தாங்கும் சுவிங் ஆமை முக்கோணமாகச் செய்து, நீளமான ஒரே சொக்கை பெற்றோல் டாங்கிக்குக் கீழே படுக்க வைத்தார். முக்கோண சுவிங் ஆம் இங்கிலாந்தின் வின்சென்ட் பைக்குகளில் முன்பே இருந்ததுதான். அதை மண் பந்தயத்துக்குக் கொண்டுவந்து, சில்லு அசைய அதிக இடம் கொடுத்தது இவருடைய வேலை.

முதலில் சுசுகியிடம் காட்டினார். ஜோயல் ரொபர்ட் ஓட்டிய சுசுகி 1970, 1971, 1972 மூன்று வருடமும் 250 சீசி உலகப் பட்டத்தை வென்ற காலம் அது. அவர்கள் ஏற்கவில்லை. யமஹா ஏற்றது. 1973இல் சுவீடன் வீரர் ஹோகன் அண்டர்சன் அந்தப் பட்டத்தை யமஹாவுக்கு வென்று கொடுத்தார். மோட்டோகுரோஸில் யமஹாவின் முதல் உலகப் பட்டம் அதுதான். கொஞ்ச நாளில் கடையில் விற்கும் வை.இசட் பைக்குக்கும் ஒற்றை சொக் வந்தது. பிறகு கவாசாகியும் ஹொண்டாவும் சுசுகியும் தத்தம் முறையில் ஒற்றை சொக்குக்கே மாறின.

வென்றுகொண்டிருப்பவருக்குப் புது யோசனை தேவையில்லாததாகத்தான் தெரியும். ஆசிரியர்களாகிய நாமும் இதே பிழையைச் செய்கிறோம். கணக்கை வேறு வழியில் செய்த பிள்ளைக்கு, விடையைப் பார்க்காமலே பிழை போடுகிறோம். கராஜில் கை அழுக்காக நிற்கும் பிள்ளையை 'படிப்பு ஏறாதவன்' என்கிறோம்.

அடுத்த தடவை ஒரு பிள்ளை "சேர், இதை இப்படியும் செய்யலாமே" என்று வந்தால், ஐந்து நிமிடம் உட்கார்ந்து கேட்போம்.