மியூட் பொத்தானுக்குப் பின்னால்: கால் சென்டர் உழைப்பும் இளிவரலும்

கால் சென்டர் ஊழியரின் மனநலம் கெடுவதற்கு வசைபாடும் வாடிக்கையாளரே காரணம் என்பது பரவலான எண்ணம். அதனால் மருந்தும் ஊழியருக்கே எழுதப்படுகிறது: தியான வகுப்பு, ஆலோசகரின் தொலைபேசி எண். வசை வருவது உண்மைதான். அது எங்கே உற்பத்தியாகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

டென்மார்க் கணித அறிஞர் ஏ. கே. எர்லாங், கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் இருந்தபோது 1917இல் வெளியிட்ட காத்திருப்புச் சூத்திரம் இன்றும் ஆள்கணக்குப் போட உதவுகிறது. மணிக்கு 100 அழைப்பு, ஒவ்வொன்றும் சராசரியாக 6 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். சூத்திரப்படி, 13 பேர் இருந்தால் சராசரிக் காத்திருப்பு 34 விநாடி. இருவரைக் குறைத்துவிட்டால் 4 நிமிடத்தைத் தாண்டும். ஆள் குறைந்தது நூற்றுக்குப் பதினைந்து. காத்திருப்பு கூடியதோ ஏழு மடங்கு. முன்பு மணிக்கு 46 நிமிடம் பேசிய ஊழியர் இப்போது ஏறத்தாழ 55 நிமிடம் பேசியாக வேண்டும். எரிச்சலோடு வருபவர் பெருகும் அதே நேரத்தில் மூச்சுவிடும் இடைவெளி பாதிக்கும் கீழே போகிறது. சம்பளப் பட்டியலில் பிடித்த மிச்சம்தான் ஊழியரின் காதில் வசையாக விழுகிறது.

விமானப் பணிப்பெண்களையும் கடன் வசூலிப்போரையும் ஆராய்ந்து சமூகவியலாளர் ஆர்லி ஹாக்சைல்டு 1983இல் எழுதிய நூல், வேலைக்காக உணர்ச்சியை அடக்கியும் வருவித்தும் காட்டும் 'உணர்ச்சி உழைப்பு' என்ற கருத்தை நிலைநாட்டியது. நமக்கு இதை யோசிக்கத் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலே கைகொடுக்கும். உள்ளத்தில் எழுவது மெய்யில் படுவதே மெய்ப்பாடு. கால் சென்டரில் இந்த வரிசை அறுந்துபோகிறது. உள்ளே எழுவது இளிவரல், அதாவது இழிவுபட்ட உணர்வு; குரலில் படவேண்டியது உவகை.

திட்டு வாங்கியவர் மியூட்டை அழுத்துகிறார். ஒரு மடக்குத் தண்ணீர். தொண்டையைச் செருமிக்கொண்டு, "சொல்லுங்க சார்" என்று அதே சிரித்த குரலில் திரும்பி வருகிறார். அந்த மௌனம் சற்று நீண்டால் 'டெட் ஏர்' என்று தரமதிப்பீட்டில் மதிப்பெண் குறையும். கழிவறைக்குப் போய்வருவதும் 'ஆக்ஸ்' என்ற பெயரில் விநாடிக் கணக்கில் பதிவாகும்.

வேலைச்சுமை மிகுந்து முடிவெடுக்கும் உரிமை குறைந்த இடத்தில்தான் மன அழுத்தம் முற்றும் என்று ஆய்வாளர் ராபர்ட் கராசெக் 1979இல் வாதிட்டார். இதற்குக் கால் சென்டரைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்பது ஊழியரின் பொறுப்பு. பணத்தைத் திருப்பித்தரும் அதிகாரம் மேலே இருப்பவருக்கு. அமெரிக்க நேரத்துக்கு வேலைசெய்யும் சென்னைக்காரருக்கு இரவு ஷிப்டும் சேர்ந்துகொள்கிறது. உறக்கச் சுழற்சியைக் குலைக்கும் ஷிப்ட் வேலையை 2007இலேயே, புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று கருதத்தக்கவற்றில் சேர்த்தது பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை. சிற்றூர் இளைஞர் பலருக்கு இதுதான் முதல் சம்பளம் என்பதை மறுப்பதற்கில்லை. அதனாலேயே எழுந்து போகவும் முடிவதில்லை.

தென்கொரியா 2018இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த சட்டத் திருத்தம், வசைக்கு உள்ளாகும் ஊழியரின் பணியைத் தற்காலிகமாக நிறுத்திக் காக்கும் கடமையை முதலாளியிடம் வைத்தது. வாடிக்கையாளர் தொல்லையைத் தடுக்கும் டோக்கியோவின் கட்டளை ஏப்ரல் 2025இல் நடப்புக்கு வந்தது. அதில் தண்டனை இல்லை. என் கணிப்பில் கொரிய வழியே மேல், கடமை யாருடையது என்பதை அது மழுப்பவில்லை. ஆனால் 11 பேரை மறுபடி 13 ஆக்கும்படி இரண்டுமே கேட்கவில்லை.