அரண்மனைப் பொம்மையும் பழைய தாளும்

தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை என்றதும் இரண்டாம் சரபோஜியின் (1798–1832) பெயரும் கூடவே வந்துவிடுகிறது. அரண்மனை வளர்த்த கலை என்பார்கள். பொம்மையின் வயிற்றைத் தட்டினால் வேறு கதை கேட்கிறது. அடியில் கனத்த களிமண் அரைக்கோளம். மேலே பழைய தாளை மாவுப் பசையால் அடுக்கடுக்காக ஒட்டிய வெற்றுக் கூடு. பூச்சி அரிக்காதிருக்கப் பசையில் மயில்துத்தம். கனமெல்லாம் அடியில் தங்குவதால்தான் எத்தனை முறை தள்ளினாலும் ராஜாவும் ராணியும் எழுந்து நிற்கிறார்கள். மேற்பாதி கனத்தால் வித்தை பலிக்காது. ஆகவே தாள் சிக்கனத்துக்காக மட்டும் வந்ததல்ல. அந்தத் தாள் மலிவாகக் குவிந்தது எப்போது? தாளைச் சுமந்து வரக்கூடிய ரயில் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சைக்கு வந்தது 1861இல். சுதேசமித்திரன் நாளிதழானது 1899இல். பசைக்கு உதவும் மரவள்ளி மாவோ இன்னும் பிந்தியது. திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் 1880களில் அந்தக் கிழங்கைத் தம் நாட்டில் பரப்பினார். அதை மாவாக்கும் சேலத்து ஆலைகள் தோன்றியது 1940களில். நம் கொலுப்படியில் ஆடும் பொம்மை, இன்றைய வடிவில், கடைவீதியில் உருவானது என்றே எனக்குத் தோன்றுகிறது.

அரிசிக் கஞ்சியோ, தஞ்சை ஓவியத்தில் வரும் புளியங்கொட்டைப் பசையோ முன்பு இருந்திருக்கலாமே, பசை மாறினால் பொம்மையின் வயது குறையுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கேள்வியே என் வாதத்துக்குத் துணை வருகிறது. பொம்மைக்காரரைப் போலவே, உலோகச் சிலை வார்க்கும் சுவாமிமலை ஸ்தபதிகளும் மண்ணைத்தான், காவிரி வண்டலைத்தான், மெழுகின்மேல் பூசுகிறார்கள். அவர்களுக்கு அளவு சொல்லச் சிற்பநூல் இருக்கிறது. பொம்மைக்காரருக்கு அப்படி ஒரு நூல் இல்லை. வீட்டுத் திண்ணையில் பார்த்துப் பழகியதே படிப்பு. அதனால்தான் கையில் கிடைத்த பசையை, தாளை, சாயத்தை அவர் தயங்காமல் எடுத்துக்கொள்ள முடிந்தது. அரசர் பெயரை முன்னால் நிறுத்தும்போது, தலைமுறை தலைமுறையாகச் சோதித்துப் பார்த்த இந்தக் கைகளின் அறிவு மறைந்துபோகிறது. 2008-09இல் கிடைத்த புவிசார் குறியீடு போலிகளைத் தடுக்க உதவும். ஆனால் அது செய்முறையையும் எழுதிப் பதிகிறது. செய்தித்தாளே அருகிவரும் நாளில் பொம்மைக்காரர் இன்னொரு பொருளை எடுத்தால், அதையும் தஞ்சாவூர் பொம்மை என்றே அந்த ஆவணம் ஏற்க வேண்டும்.